அதே பெயரில் இன்னொருவர்: முதல் புத்தக அட்டையில் எந்தப் பெயரைப் போடுவது?

முதல் புத்தகம் அச்சுக்குப் போகிற நேரத்தில்தான் பலருக்கும் இந்தச் சிக்கல் கண்ணில் படுகிறது. பெயரைத் தேடிப் பார்த்தால் அதே பெயரில், பல சமயம் அதே இனிஷியலோடு, ஏற்கெனவே ஒருவர் நாலைந்து புத்தகம் போட்டிருப்பார். தமிழ்நாட்டில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தா பெயர், குலதெய்வத்தின் பெயர், அந்தந்தக் காலத்துத் தலைவர் பெயர் என்று ஒரு தலைமுறைக்கே சில நூறு பெயர்கள்தான் சுற்றி வருகின்றன. அதனால் இது யாருக்கும் வரக்கூடிய சிக்கல். எழுதுகிறவர் கையில் இருக்கும் வழிகள் நான்கு: அப்படியே விட்டுவிடுவது, இனிஷியலை மாற்றுவது, ஊரையோ உறவையோ பெயருக்கு முன்னால் முழுதாகச் சேர்ப்பது, புனைபெயர் வைத்துக்கொள்வது. கதை, கவிதை எழுதுகிறவர்களுக்கு மூன்றாவதுதான் நல்லது என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எஸ். ராமகிருஷ்ணன் என்ற பெயரே போதும். 'சஞ்சாரம்' நாவலுக்காக 2018-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர் ஒருவர். 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கி, தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்து, 2020-இல் மறைந்தவர் இன்னொருவர். இவர்களுக்கு முந்தைய தலைமுறையில் 'கம்பனும் மில்டனும்' எழுதிய மார்க்சிய விமர்சகர் ஒருவர். மூவரும் எஸ். ராமகிருஷ்ணன்தான். வாசகர்கள் தாங்களாகவே இவர்களை எஸ்.ரா., க்ரியா ராமகிருஷ்ணன், எஸ்.ஆர்.கே. என்று பிரித்துக்கொண்டார்கள். பேச்சில் இது அழகாக நடக்கிறது. ஆனால் மூவருமே பெயர் பெற்றவர்கள், வேறு வேறு துறையில் நின்றவர்கள் என்பதால்தான் இது நடந்தது. ஒரே ஒரு கவிதைத் தொகுப்பு போட்டவருக்கு வாசகர்கள் இப்படி ஒரு பட்டப்பெயர் வைத்துக் காப்பாற்ற மாட்டார்கள். அவருடைய புத்தகம் பெரியவருடைய பட்டியலில் போய்ச் சேரும், அல்லது யார் கண்ணிலும் படாமல் போகும்.

நூலகப் பட்டியலில் இன்னும் சிரமம். அங்கே இனிஷியல் பின்னால் போய்விடும்: 'ராமகிருஷ்ணன், எஸ்.' என்றுதான் பதிவு இருக்கும். அடுத்தடுத்து இருக்கிற மூன்று பதிவுகளில் எது யாருடையது என்று அறியப் பிறந்த ஆண்டைச் சேர்ப்பது பட்டியலாளர்களின் வழக்கம். ஆண்டு புத்தகத்தில் அச்சாகாவிட்டால் அவரும் என்ன செய்வார்?

காலம் நீளும்போது இந்த அலட்சியத்தின் விலை கூடிக்கொண்டே போகிறது. ஔவையாரைப் பாருங்கள். சங்க இலக்கியத்தில் அவர் பெயரில் 59 பாட்டுகள் உள்ளன. அதியமான் நெல்லிக்கனி தந்ததைப் பாடியவர் (புறநானூறு 91) அவர்தான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி எழுதிய ஔவையார் பல நூற்றாண்டு பிந்தியவர். மொழியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் பொதுமனத்தில் ஒரே பாட்டிதான், கையில் கோலோடு. இதில் இழந்தது யார் என்று கேட்டால் சங்க ஔவைதான் என்பேன். குறுந்தொகை 28-ஆம் பாட்டைப் படியுங்கள்: 'முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்' என்று, தன் நோயை அறியாமல் உறங்கும் ஊரின் மேல் சீறுகிற ஒரு பெண்ணின் குரல். தமிழில் காதல் தவிப்பை இவ்வளவு உக்கிரமாகச் சொன்ன பாட்டுகள் அதிகம் இல்லை. அதைப் பாடியவர் 'அறம் செய விரும்பு' என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறார்.

நக்கீரர், கல்லாடர் கதை இன்னும் சிடுக்கு. பதினோராம் திருமுறையில் 'திருக்கண்ணப்ப தேவர் திருமறம்' என்ற தலைப்பிலேயே இரண்டு நூல்கள் இருக்கின்றன. ஒன்று நக்கீரதேவ நாயனார் பாடியது, மற்றது கல்லாடதேவ நாயனார் பாடியது. தலைப்பும் ஒன்று, கதையும் ஒன்று. பாடிய இருவருக்கும் சங்க காலத்தில் ஆளுக்கொரு பெயர்க்காரர் உண்டு. போதாததற்குத் தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவராக ஒரு கல்லாடர், 'கல்லாடம்' என்ற அகவல் நூலைப் பாடியவராக ஒரு கல்லாடர். திருமுருகாற்றுப்படையோ பத்துப்பாட்டிலும் இருக்கிறது, பதினோராம் திருமுறையிலும் இருக்கிறது. அதைப் பாடிய நக்கீரரும் நெடுநல்வாடை பாடிய நக்கீரரும் ஒருவரா இருவரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 'அப்படியே இருக்கட்டும், பிறகு தெரிந்துகொள்வார்கள்' என்று நினைப்பவர்கள் இந்த வாதத்தின் நீளத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இனிஷியல். உலகத்திலேயே பெயர் பெற்ற தீர்வு இதில்தான் நடந்தது. 1899-இல் லண்டனில் இருந்த இளம் வின்ஸ்டன் சர்ச்சில் 'சவ்ரோலா' என்ற நாவலைத் தொடராக வெளியிட்டுக்கொண்டிருந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் 'ரிச்சர்ட் கார்வெல்' என்ற நாவல் சக்கைப்போடு போட்டது. அதை எழுதியவர் பெயரும் வின்ஸ்டன் சர்ச்சில், செயின்ட் லூயிஸ்காரர், 1871-இல் பிறந்தவர், இவரைவிட மூன்று வயது மூத்தவர். ஜூன் 7-ஆம் தேதி லண்டன் சர்ச்சில் ஒரு கடிதம் எழுதினார்: திரு. வின்ஸ்டன் சர்ச்சில் திரு. வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு வணக்கம் தெரிவித்து எழுதுவதாகவே அது தொடங்குகிறது. இனித் தன் கட்டுரை, கதை எல்லாவற்றிலும் 'வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்' என்று கையெழுத்திடப் போவதாக அதில் சொன்னார். தனக்கு வேறு பெயர் ஏதாவது இருந்திருந்தால் அதைத் தானே எடுத்துக்கொண்டிருப்பேன் என்று மற்றவர் மரியாதையாகப் பதில் எழுதினார். அடுத்த ஆண்டு பாஸ்டனில் இருவரும் நேரில் சந்தித்தார்கள். ஸ்பென்சர் பிறகு 'எஸ்.' என்று சுருங்கியது. 1953-இல் இலக்கிய நோபல் பெற்றவரின் புத்தகங்களில் 'வின்ஸ்டன் எஸ். சர்ச்சில்' என்று இருப்பது அந்தக் கடிதத்தால் வந்தது. மூத்தவர், முதலில் நாவலாசிரியராகப் பெயர் எடுத்தவர், விட்டுக்கொடுக்காமலே பெயரை வைத்துக்கொண்டார். இன்று அவரைக் குறிப்பிடத்தான் 'அமெரிக்க நாவலாசிரியர்' என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்ன அடையாளமானாலும் எடுத்துக்கொண்டவருக்கு நட்டம் வரவில்லை.

ஆனால் அந்த ஊருக்குச் சரிப்பட்டது நமக்குச் சரிப்படாது. அங்கே எல்லோரும் நடு எழுத்துப் போடுவதில்லை, அதனால் அடையாளம். இங்கே எல்லோருக்கும் இனிஷியல் உண்டு, அதனால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அதிலும் ஆங்கில எழுத்தில் போட்டால் சு., சி., ச., செ., சா. எல்லாம் ஒரே 'எஸ்.' ஆகிவிடுகின்றன. இனிஷியல்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் தமிழ் எழுத்தில் போடுங்கள். கு.ப.ரா., கி.ரா., வ.உ.சி. என்பவை நிற்பதற்கு அந்த எழுத்துகளின் தனித்தன்மையும் ஒரு காரணம். அதிலும் நெருக்கம் வரும். தி.ஜ.ர. (ரங்கநாதன்) ஒருவர், தி.ஜா. (ஜானகிராமன்) ஒருவர், இருவருமே சிறுகதைக்காரர்கள், நடுவில் வித்தியாசம் ஒரு கால்தான்.

இணையத் தேடலும் இனிஷியலுக்கு எதிரிதான். புள்ளி வைத்து இடைவெளி விட்டு ஒருவர் அடிப்பார், இடைவெளி இல்லாமல் ஒருவர், புள்ளியே இல்லாமல் ஒருவர். 'ரா'வுக்கு முன்னால் 'இ' சேர்ப்பவர் வேறு. விற்பனைத் தளத்தில் இவை நாலும் நாலு ஆசிரியர்களாகப் பதிவாகிவிடும். இனிஷியல் ஒரே ஆளை நாலாக உடைக்கிறது, மூன்று ஆட்களை ஒருவராகச் சேர்க்கிறது. பெண்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. திருமணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து என்று மாறினால் முதல் தொகுப்பும் மூன்றாம் தொகுப்பும் வேறு வேறு ஆள் எழுதியதாகத் தெரியும். 'முனைவர்', 'கவிஞர்' என்று முன்னால் போடுவது அடையாளமே ஆகாது.

இனி ஊர்ப்பெயர். இதை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணம், இது நம்முடைய மிகப் பழைய வழி. சங்கப் புலவர் பெயர்களை வரிசையாகப் படித்தால் ஒரு நல்ல நூலகப் பட்டியலைப் படிப்பது போலவே இருக்கிறது. சாத்தன் என்ற பெயர் அக்காலத்தில் ஊருக்கு ஊர் இருந்திருக்கிறது. அதனால் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்றும், ஆலம்பேரி சாத்தனார் என்றும், ஆடுதுறை மாசாத்தனார் என்றும், ஒக்கூர் மாசாத்தனார் என்றும் பிரித்தார்கள். ஒக்கூரில் மாசாத்தனார் ஒருவர், மாசாத்தியார் ஒருவர். 'கெடுக சிந்தை' பாடியவர் (புறம் 279) பின்னவர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றால் ஊர், அப்பா, பெயர் மூன்றும் வந்துவிட்டன. திணையை வைத்தும் பிரித்தார்கள்: பாலை பாடிய பெருங்கடுங்கோ, மருதம் பாடிய இளங்கடுங்கோ. பெயரே தெரியாதவருக்கு அவருடைய பாட்டிலிருந்தே செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பாட்டை ஒரு மனிதரிடமிருந்து பிரியவிடக் கூடாது என்ற அக்கறை இதில் தெரிகிறது. அந்தத் தொகுப்பாளர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

இந்த வழி இன்றும் உயிரோடு இருக்கிறது. தஞ்சை ப்ரகாஷ், மேலாண்மை பொன்னுச்சாமி, தோப்பில் முகமது மீரான், கீரனூர் ஜாகிர்ராஜா, களந்தை பீர்முகம்மது. பொதுவாக வழங்கும் பெயர் உள்ளவர்கள் இதைத் தேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். 'முகமது மீரான்' என்று மட்டும் இருந்தால் எத்தனை பேரோ. 'தோப்பில்' சேர்ந்ததும் தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரை மனிதர் ஒருவர்தான். இலங்கையிலும் அப்படியே: நீர்வை பொன்னையன், காவலூர் ராஜதுரை, மலையகத்தில் தோட்டத்தின் பெயரையே சுமந்த தெளிவத்தை ஜோசப். ஜோசப் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் இதைவிடத் தெளிவாகத் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொரு எடுத்துக்காட்டு, இந்த விஷயத்துக்கே அச்சடித்தாற்போல. ஆனந்த விகடனில் 'துப்பறியும் சாம்பு' எழுதிய தேவன், இயற்பெயர் ஆர். மகாதேவன். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த இ. மகாதேவாவும் தேவன் என்ற பெயரிலேயே எழுதினார். இயற்பெயரும் ஏறக்குறைய ஒன்று, புனைபெயரும் ஒன்று. அவர் செய்தது எளிய காரியம்: 'தேவன் – யாழ்ப்பாணம்' என்று போட்டுக்கொண்டார். பெயரையும் விடவில்லை, மற்றவர் புகழில் குளிர்காயவும் இல்லை.

ஊர்ப்பெயரிலும் குறை உண்டு. பட்டியலில் 'மே' வரிசையில் தேடுவதா, 'பொ' வரிசையில் தேடுவதா என்ற குழப்பம் வரும். பெரிய நகரத்தின் பெயர் உதவாது. சென்னை, மதுரை என்று போட்டால் இனிஷியல் போட்ட மாதிரிதான். ஊர் சின்னதாக இருக்க இருக்க அடையாளம் பெரிதாகும். ஊரை வைத்துச் சாதியைக் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சிலர் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. காலத்தையும் இது வெல்லும் என்று சொல்ல முடியாது: அத்தனை அடைமொழி இருந்தும், மணிமேகலை பாடிய சாத்தனாரும் சங்கப் பாட்டுகளின் சாத்தனாரும் ஒருவரா என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது.

ஊர் வேண்டாம் என்பவருக்கு உறவுப் பெயர் இருக்கிறது. இங்கேதான் புனைபெயரோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்க இரண்டு அருமையான எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன. எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே பெயர் பெற்றவர். குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஆர். பார்த்தசாரதியும் மனைவியின் பெயரை எடுத்தார், ஆனால் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார்: இந்திரா பார்த்தசாரதி. 'குருதிப்புன'லுக்காக 1977-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்.

இந்திரா என்ற நான்கெழுத்து என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதே தலைமுறையில் 'குறிஞ்சி மலர்' எழுதிய நா. பார்த்தசாரதி இருந்தார். அவரும் 'சமுதாய வீதி'க்காக 1971-இல் அகாதெமி விருது வாங்கியவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதி, சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஆர். பார்த்தசாரதி இன்னொருவர். இனிஷியல் உட்பட அதே பெயர்! இருவரும் தமிழர், இருவரும் இலக்கியப் பேராசிரியர்கள், இருவருக்கும் வயதில் சில ஆண்டுதான் வித்தியாசம். 'இந்திரா' மட்டும் இல்லாவிட்டால் 1993-இல் வந்த அந்தச் சிலப்பதிகார மொழிபெயர்ப்பைக் 'குருதிப்புனல்' ஆசிரியரின் கணக்கில் சேர்த்திருப்போம், தப்பே சொல்ல முடியாது.

சுஜாதா வழியும் வென்றது, யார் மறுப்பார்கள்? ஆனால் அதன் இரண்டு விளைவுகளைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் பெண் என்று நினைத்தவர்கள் ஏராளம். இரண்டாவது எனக்கு முக்கியமாகப் படுகிறது: புழக்கத்தில் உள்ள பெயரையே புனைபெயராக எடுத்தால் சிக்கல் தீர்வதில்லை, வேறொருவர் தலைக்குப் போகிறது. பிறந்ததிலிருந்தே சுஜாதா என்ற பெயருள்ள ஒரு பெண் இன்று தமிழில் நாவல் எழுத வந்தால், அடையாளம் தேட வேண்டியவர் அவர்தான். புதுமைப்பித்தன், மௌனி போன்ற பெயர்களில் இந்தத் தொல்லை இல்லை. யாரும் பிள்ளைக்கு வைக்காத பெயர்கள் அவை. அப்படிக் கண்டெடுத்தாலும் ஏற்கெனவே ஏதாவது பொருளில் வழங்குகிற சொல்லாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈழத்தின் மிகச் சிறந்த கவிகளில் ஒருவரான து. உருத்திரமூர்த்தி 'மஹாகவி' என்று எழுதினார். அந்தப் பெயரைத் தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது பாரதிதான். 'பாரதி'யும் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை: நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி முன்னால், சோமசுந்தர பாரதி எட்டயபுரத்திலேயே, சுத்தானந்த பாரதி பின்னால்.

புனைபெயர் எடுப்பவர்கள் சட்டத்தில் ஒரு வரியையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் சொந்தப் பெயரில் எழுதிய நூலுக்கு ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டு காப்புரிமை உண்டு. புனைபெயரில் வந்து, எழுதியவர் யாரென்று கடைசிவரை வெளிப்படாமலே இருந்தால் நூல் வெளியான ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டு. யாரென்று அதற்குள் வெளியே தெரிந்துவிட்டால் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கே பொருந்தும். ஆகவே அட்டையில் புனைபெயர் இருக்கட்டும், உள்ளே காப்புரிமைப் பக்கத்தில் இயற்பெயரைப் போட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது பயன்படும்.

ஆய்வாளர்களுக்கு நான் சொல்வது வேறு. சான்றிதழில் உள்ள பெயரை மாற்றிக்கொண்டு அல்லாட வேண்டாம். 2012-இலிருந்து ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆர்க்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் ஒன்றாக இருக்காது. கட்டுரைகளுக்கு இது போதும். கதைப் புத்தகம் வாங்குகிறவர் எண்ணைப் பார்த்து வாங்குவதில்லை என்பதால் படைப்பாளிகளுக்கு இது துணையாக மட்டுமே இருக்க முடியும்.

ஏற்கெனவே இரண்டு மூன்று புத்தகம் வந்துவிட்டதென்றால் பெயரை முற்றிலும் மாற்றாதீர்கள். பழைய பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்ப்பது மட்டும் போதும். பழைய நூல்களின் மறுபதிப்பிலும் அதையே போடச் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் முன்னொட்டு, பெயர் இரண்டுக்கும் தமிழில் ஒரு எழுத்துக்கூட்டு, ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டு என்று முடிவு செய்து, அட்டை, முதுகுப் பகுதி, தலைப்புப் பக்கம், ஐ.எஸ்.பி.என். விண்ணப்பம் நான்கிலும் ஒரு புள்ளிகூட மாறாமல் வருகிறதா என்று அச்சுக்கு முன் தாமே சரிபார்க்க வேண்டும். ஆசிரியர் குறிப்பில் பிறந்த ஊரும் ஆண்டும் இருக்கட்டும். அதே பெயருள்ள மற்றவர் உயிரோடு இருந்தால் அவருக்கு ஒரு கடிதம் எழுதி, நான் இன்ன பெயரில் எழுதப் போகிறேன் என்று சொல்லிவிடுவதும் நல்லது.